நாட்டு அத்திப்பழத்துக்குள்ள பூச்சி: மருந்து அடிக்கணுமா?

காவிரிக்கரை முருகு கேட்டது:

வணக்கம். முசிறி பக்கத்துல எங்க தோட்டம். மோட்டார் ரூமை ஒட்டி ஒரு நாட்டு அத்தி நிக்குது, தாத்தா காலத்து மரம். அடிமரத்துலயே கொத்துக் கொத்தா காய்க்கும். இத்தனை வருஷமா அதை அணிலும் வௌவாலும்தான் தின்னுச்சு. இந்த வருஷம் வீட்டுல யூடியூப்ல அத்திப்பழ ஜாம் பார்த்துட்டு ஒரு கூடை பறிச்சுட்டு வரச் சொன்னாங்க.

அரிவாள்மனையில நறுக்கினா உள்ள எல்லாம் கறுப்புப் பூச்சி. எள்ளை விடச் சிறுசு. சிலது ரெக்கையை விரிச்சுப் பறந்து போச்சு. கூடவே மஞ்சளா, ரெக்கையே இல்லாத ஒரு ஜாதி, நகர முடியாம நெளிஞ்சுக்கிட்டு கிடக்குது. வீட்டம்மா கூடையோட கொண்டு போய் எருக்குழியில கொட்டிட்டாங்க. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தா அத்தனையும் புழு"ன்னு எங்க அம்மா வேற திண்ணையில இருந்து ஒரு குரல்.

உரக்கடையில கேட்டா, "பூ விடறப்பவே மருந்து அடிச்சிருக்கணும், இப்ப காய்க்குள்ள போயிடுச்சு" என்கிறார். அத்தி எப்பய்யா பூ விட்டுச்சு, நான் பார்த்ததே இல்லையே? இன்னொண்ணு, பச்சைக் காய் மேல வால் மாதிரி நீளமா முடி நீட்டிக்கிட்டு வேற ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கு. அதுதான் முட்டை வெக்குதா?

பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அது ஒவ்வொரு பழமா உடைச்சுப் பார்த்துட்டு, "கறுப்பு நிறைய இருக்கு, மஞ்சள் கொஞ்சம்தான் இருக்கு, ஏன்ப்பா?"ங்குது. எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க. மருந்து அடிக்கலாமா, என்ன மருந்து?

தேனிக்காரன்:

எங்க ஊர்ல பழத்தை ரெண்டாப் பிட்டு வெயில்ல ஒரு தட்டுல வெப்போம். அரை மணி நேரத்துல பூச்சியெல்லாம் எழுந்து போயிடும். மிச்சத்தைத் தட்டி ஊதிட்டுத் தின்ன வேண்டியதுதான். எங்க அப்பத்தா எண்பதைத் தாண்டி இருந்துச்சு, ஒண்ணும் ஆகலை. மருந்து அடிச்ச பழத்தைத் தின்னாத்தான் ஏதாவது ஆகும்.

பூச்சி டீச்சர்:

அண்ணே, மருந்து வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நெல்லையில் நீட் வகுப்பில் விலங்கியல் எடுப்பவள். எம்.எஸ்சி. படித்த காலத்தில் தாமிரபரணிக் கரை அத்தி மரங்களுக்கு அடியில் பிளேடும் கை லென்ஸுமாக உட்கார்ந்திருந்ததுதான் என் ப்ராஜெக்ட். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கூடையில் பறித்தது அத்தனையும் பூங்கொத்து. சூரியகாந்திப் பூவின் தட்டை உட்பக்கமாகச் சுருட்டி, வாயைச் சுருக்குப் போட்டு இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிப் பூக்கள் உள்சுவர் முழுக்க ஒட்டியிருக்கும். மகளின் தாவரவியல் புத்தகத்தில் ஹைப்பந்தோடியம் என்று போட்டிருக்குமே, அதுதான். அத்தி பூத்து யாரும் பார்க்காததற்குக் காரணம், அது உள்ளுக்குள் பூக்கிறது.

உள்ளுக்குள் பூத்தால் வண்டும் தேனீயும் எப்படி வரும்? வராது. இந்த வேலைக்கென்றே இருப்பது நீங்கள் பார்த்த கறுப்புக் குளவி. செரட்டோசோலன் ஃப்யூசிசெப்ஸ் என்று பெயர். ஆளே இரண்டு மில்லிமீட்டர்தான் இருப்பாள். ஆமாம், "இருப்பாள்"தான், கறுப்பு எல்லாம் பெண். எறும்பு, தேனீ, குளவி எல்லாம் சேர்ந்த ஹைமெனாப்டிரா வரிசையில் இவளும் சேர்த்தி, ஆனால் நம்மைக் கொட்ட மாட்டாள்.

காயின் நுனியைப் பாருங்கள், தொப்புள் மாதிரி ஒரு துளை இருக்கும். அதைச் செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கும். காய் சின்னதாக இருக்கும்போதே உள்ளே பெண் பூக்கள் தயாராகி ஒரு வாசனை விடும். அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், செதில்களுக்கு நடுவே தலையைக் கொடுத்துத் திணித்துக்கொண்டு உள்ளே போகிறாள். போகிற போக்கில் இறக்கை பிய்ந்துவிடும், உணர்கொம்பின் பாதி உடைந்துவிடும். அந்தப் பருவத்துக் காயைப் பிளேடால் கீறி லென்ஸில் பார்த்தால், செதிலுக்கு இடையே இறக்கைகள் மட்டும் தனியாகச் செருகிக்கொண்டு நிற்கும். நான் முதலில் அதைக் காயின் தோல் உரிந்திருக்கிறது என்றுதான் நினைத்துத் தள்ளினேன். கைடு சார் தலையில் குட்டாத குறை.

உள்ளே போனவள் இனி வெளியே வரமாட்டாள். மார்புக்கு அடியில் இரண்டு குட்டிப் பைகள் இருக்கும், அதில்தான் பிறந்த மரத்து மகரந்தம். அதை முன்னங்காலால் எடுத்துப் பூக்களின் மேல் தடவுகிறாள். தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த மகரந்தம் இல்லை. எடுத்துப் பையில் போட்டு, கொண்டு வந்து, தடவுகிறாள். தடவிக்கொண்டே சூலகத் தண்டு வழியாக ஊசியை இறக்கி ஒரு பூவுக்கு ஒரு முட்டை வைக்கிறாள். முட்டை விழுந்த பூ உப்பி, குளவிக் குஞ்சுக்குத் தொட்டிலும் சோறும் ஆகிறது. முட்டை விழாத பூ, மகரந்தம் பட்டதால் விதை ஆகிறது. ஒரே காய்க்குள் பாதி மரத்தின் பிள்ளை, பாதி குளவியின் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவள் அங்கேயே செத்துப் போகிறாள்.

சில வாரம் கழித்து முதலில் வெளிவருவது உங்கள் மஞ்சள் ஜாதி. அவை ஆண்கள். இறக்கை கிடையாது, கண்ணும் சரியாகத் தெரியாது. இன்னும் தொட்டிலுக்குள்ளேயே இருக்கிற பெண்களைத் தேடி, ஓட்டையைக் கடித்து இணைசேர்ந்துவிட்டு, பிறகு எல்லோருமாகச் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து ஒரு வழி போடுவார்கள். அத்தோடு அவர்கள் கதை முடிந்தது. சரியாக அந்த நேரத்துக்குத்தான் காய்க்குள் ஆண் பூக்கள் மலரும். பெண்கள் மகரந்தத்தைப் பையில் நிரப்பிக்கொண்டு அந்தத் துளை வழியே பறந்து போவார்கள். அதற்கப்புறம்தான் காய் சிவந்து, இளகி, இனிக்கும்.

இப்போது மருந்துக் கணக்கைப் போடுங்கள். குளவி வராத காய் பெரும்பாலும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். மருந்து அடித்துக் குளவியை விரட்டினால் பூச்சி இல்லாத பழம் கிடைக்காது, பழமே கிடைக்காது. உரக்கடைக்காரர் நல்ல மனுஷராக இருப்பார், கத்தரிக்காய்க்குச் சொல்வதை அத்திக்கும் சொல்லிவிட்டார்.

இதை எங்கள் பிள்ளைகள் "அத்தி, குளவி: இருவருக்கும் லாபம்" என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்து டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 7 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட குடித்தனம் இருக்கிறது. அத்தி, ஆல், அரசு எல்லாம் சேர்ந்த பேரினத்துக்கு ஃபைகஸ் என்று பெயர்; உலகத்தில் 750-க்கும் மேற்பட்ட ஃபைகஸ் இனங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. ஆலமரத்துக்கு யூப்ரிஸ்டினா மசோனி, அரசுக்கு வேறு ஒருத்தி. உங்கள் மரத்துக் குளவி பக்கத்து ஆலமரத்தில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

நீள வால் பூச்சி வேறு கதை, அவள் இந்தக் குடும்பத்தில் இல்லை. மகள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் விட அருமையான கேள்வி. டியூஷன் முடித்துவிட்டு இரவு எழுதுகிறேன்.

சைவச்சாப்பாடு:

ஐயோ, அப்போ கடையில வாங்குற காய்ந்த அத்திப்பழத்துக்குள்ளயும் செத்த பூச்சி இருக்கா? நான் தினம் ரெண்டு ஊறவெச்சு சாப்பிடறேனே! நறநறன்னு கடிபடுறது அதுதானா?

கோவை உலர்பழக் கடை:

நறநறன்னு கடிபடுறது விதை. பயப்படாதீங்க. நாங்க விக்கிறது சீமை அத்தி, ஃபைகஸ் கேரிகா. முருகு அண்ணன் தோட்டத்துல இருக்கிறது நாட்டு அத்தி, ஃபைகஸ் ரெசிமோசா. ரெண்டும் ஒரே பேரினம், வேற வேற மரம்.

சீமை அத்தியில மரமே ரெண்டு விதம். ஒண்ணுல குளவி வளரும், அந்தக் காயை யாரும் தின்ன மாட்டாங்க. இன்னொண்ணு நாம தின்கிறது. அதுலயும் நிறைய ரகம் மகரந்தமே இல்லாம பழுக்கும், குளவிக்கு அங்க வேலை இல்லை. புனே பக்கம் விளையறது அந்த வகை. துருக்கியில இருந்து வர்ற பெரிய வெளிர் நிறப் பழம் ஸ்மிர்னா வகை, அதுக்குக் குளவி கட்டாயம் வேணும். 1880-கள்ல அமெரிக்காக்காரங்க கலிஃபோர்னியாவுல ஸ்மிர்னா மரம் கொண்டு போய் வெச்சாங்க. மரம் நல்லா வந்துச்சு, காய் மட்டும் நிக்காம கொட்டிக்கிட்டே இருந்துச்சு. 1899-ல குளவியையும் கொண்டு வந்து குடியேத்தினதுக்கப்புறம்தான் அறுவடையே.

பூச்சி டீச்சர்:

கடைக்கார அண்ணன் சொன்னது சரி. ஸ்மிர்னா வகையில் உள்ளே போன குளவி முட்டை வைக்கவே முடியாது, சூலகத் தண்டு அவள் ஊசியை விட நீளம். மகரந்தத்தை மட்டும் தடவிவிட்டுச் செத்துவிடுவாள். அதனால் அந்தப் பழத்துக்குள் குளவிக் குஞ்சுகள் கூட்டமாக இருக்காது. ஆனால் நுழைந்தவளின் மிச்சம் ஒன்றும் இல்லை என்று உங்களுக்குச் சத்தியம் செய்து தரமாட்டேன். சமணர்கள் ஆல், அரசு, அத்தி உள்ளிட்ட ஐந்து மரப் பழங்களைத் தொடுவதில்லை. உள்ளே உயிர் இருக்கிறது என்பதுதான் காரணம். லென்ஸ் இல்லாத காலத்திலேயே பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இனி மகளின் கேள்வி. ஏன் மஞ்சள் கொஞ்சம்?

நமக்கு ஆணா பெண்ணா என்பதை எக்ஸ், ஒய் குரோமோசோம் முடிவு செய்கிறது. குளவி, தேனீ, எறும்பில் அந்த ஏற்பாடு இல்லை. கருவுற்ற முட்டை பெண். கருவுறாத முட்டை ஆண். அம்மாவின் குரோமோசோம் ஒரு தொகுதி மட்டும் வைத்துக்கொண்டே ஒரு ஆண் முழு உடம்போடு பிறந்துவிடுவான். தேனீயில் ராணிக்கும் வேலைக்காரிகளுக்கும் 32, ஆண் தேனீக்கு 16. ஒற்றைமய ஆண், இரட்டைமயப் பெண் என்று புத்தகத்தில் வரும். வகுப்பில் இதைக் கேட்டதும் பிள்ளைகள் முழிப்பார்கள்: ஆணுக்கு அப்பா கிடையாது, தாத்தா உண்டு.

இதனால் அம்மாவுக்கு ஒரு வசதி. இணைசேர்ந்தபோது வாங்கிய விந்தணு உடம்புக்குள் ஒரு பையில் இருக்கிறது. முட்டை இறங்கும்போது பையைத் திறந்தால் மகள், திறக்காவிட்டால் மகன். எத்தனை மகன், எத்தனை மகள் என்பது கிட்டத்தட்ட அவள் கையில்.

இப்போது ஒரு காய்க்குள் ஒரே ஒருத்தி மட்டும் நுழைந்திருக்கிறாள் என்று வையுங்கள். உள்ளே பிறப்பது அத்தனையும் அவள் பிள்ளைகள். மகன்கள் எங்கேயும் பறந்து போக முடியாது, அங்கேயே கூடப் பிறந்தவர்களோடுதான் இணைசேர வேண்டும். இருபது மகனைப் பெற்றால் அவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள், பேரப்பிள்ளை எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. எல்லா மகள்களையும் சமாளிக்கவும் சுவரைக் குடையவும் போதுமான மகன்கள் இருந்தால் சரி. மிச்ச முட்டை எல்லாம் மகளாகப் போட்டால்தான் வெளியே போய் வம்சம் பெருகும்.

ஐந்து பேர் நுழைந்தால் கணக்கு மாறும். என் மகன் அடுத்தவள் மகளோடும் இணைசேரலாம். அப்போது மகனுக்கும் மதிப்பு ஏறுகிறது. இதைக் கணக்காக எழுதியவர் பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன், 1967-ல். நுழைந்த தாய்மார் எண்ணிக்கை n என்றால், ஆண்களின் பங்கு (n−1)/2n. இரண்டு பேர் என்றால் கால் பங்கு, ஐந்து பேர் என்றால் 40 சதவீதம், பத்துப் பேர் என்றால் 45. கூட்டம் கூடக் கூடப் பாதியை நெருங்கும். குளவிக்குள் நெருங்கிய உறவில் இணைசேர்வதையும் சேர்த்துப் போட்டால் எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் குறையும், மகளுக்கு இந்த அளவு போதும். பிறகு 1985-ல் ஆலன் ஹெர் என்ற ஆய்வாளர் பனாமாவின் அத்திக் குளவிகளை எண்ணி, தாய்மார் கூடும்போது ஆண் பங்கும் கூடுவதைக் காட்டினார்.

இரண்டு மில்லிமீட்டர் பூச்சி பின்னம் போடுமா என்று கேட்பீர்கள். போட வேண்டியதில்லை. பல அத்திக் குளவிகள் முதலில் வைக்கும் முட்டைகளில் ஆண் அதிகம், பிறகு பெண். நெரிசலில் ஒவ்வொருத்திக்கும் கிடைக்கிற பூ குறைவு, அதனால் முட்டையும் குறைவு. ஆரம்பத்து மகன்கள் இருப்பார்கள், பின்னால் வர வேண்டிய மகள்கள் குறைவார்கள். பங்கு தானாகவே ஏறிவிடும். இதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

காவிரிக்கரை முருகு:

டீச்சர், பொண்ணு உங்க பதிலைப் படிச்சுட்டு ஜாமை மறந்துட்டு பழம் பழமா உடைச்சு நோட்டுல கோடு போட்டுக்கிட்டு இருக்கு. வீட்டம்மா என்னை முறைக்கிறாங்க. ரெண்டு சந்தேகம். அந்த நீள வால்? அப்புறம், எங்க சுத்துவட்டாரத்துல இந்த ஒரு அத்திதான். இங்க இருந்து பறந்து போற பூச்சி எங்க போகும்? எங்க மரத்துல அப்ப எல்லாமே பழுத்துடுச்சே?

பூச்சி டீச்சர்:

நீள வால், வால் இல்லை, முட்டை வைக்கும் ஊசி. அவள் உள்ளே நுழைகிற கஷ்டமே படமாட்டாள். வெளியே உட்கார்ந்தபடி காயின் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையை இறக்குவாள். மகரந்தம் கொண்டுவர மாட்டாள், ஓசிக் குடித்தனம். சில ஜாதி பூவை மட்டும் பிடித்துக்கொள்ளும். சில ஜாதியின் குஞ்சு, ஏற்கெனவே உள்ளே வளரும் குளவிக் குஞ்சையே தின்னும். நம் நாட்டு அத்தியில் இப்படிப் பல ஜாதிகள் உண்டு. முடியை விட மெல்லிய ஊசியால் கெட்டிக் காயை எப்படித் துளைக்கிறாள் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள்: ஊசியின் முனையில் துத்தநாகம் ஏறியிருக்கிறது. மகளிடம் லென்ஸ் இருந்தால் காலையில் பச்சைக் காய்மேல் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றைத் தூக்கி வளைத்து, ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி மெள்ள மெள்ள இறக்குவாள். பக்கத்தில் முசுறு எறும்பு வந்தால் சட்டென்று உருவிக்கொண்டு ஓட முடியாது. எறும்புக்குக் கொண்டாட்டம்.

இரண்டாவது சந்தேகம் சரியான சந்தேகம். ஒரு மரத்துக் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே பருவத்துக்கு வரும். பறக்கிறவளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள். அதற்குள் பிஞ்சுப் பருவத்தில் இருக்கிற வேறு அத்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்றில் ஏறிவிட்டால் தூரம் போவாள். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் உகாப் ஆற்றங்கரையில் நம் அத்திக்கு நெருங்கிய உறவான ஒரு மரம், சுற்றிலும் பாலைவனம். விதைக் கன்றுகளின் டி.என்.ஏ.வைப் பார்த்து எந்தக் கன்றுக்கு எந்த மரம் அப்பா என்று கண்டுபிடித்தார்கள். 160 கிலோமீட்டர் தொலைவில் இருந்துகூடக் குளவி மகரந்தம் கொண்டுவந்திருந்தது. 2009-ல் வந்த கட்டுரை. காவிரிக் கரை நெடுக அத்தி இருக்கிறது அண்ணே, உங்கள் மரத்துப் பெண்ணுக்கு அது பெரிய தூரமே இல்லை. வழியில் பாதிக்கு மேல் சாவார்கள் என்பது வேறு விஷயம். ஆயிரம் பேர் கிளம்பினால் நாலு பேர் போய்ச் சேர்ந்தால் போதும்.

வால்பாறைப் பறவை:

இடையில் ஒரு வார்த்தை. எங்கேயாவது ஒரு மரத்தில் எப்போதும் பிஞ்சு இருந்தால்தான் குளவி பிழைக்கும் என்று டீச்சர் சொன்னதன் மறுபக்கம்தான் நாங்கள் காட்டில் பார்ப்பது. மற்ற மரங்கள் பழம் இல்லாமல் நிற்கும் மாதங்களில் ஏதாவது ஒரு ஃபைகஸ் பழுத்து நிற்கும். அந்த நேரத்தில் ஆனைமலையில் பழுத்த ஆலமரத்தையோ, அதே ஃபைகஸ் வகையான இச்சி மரத்தையோ கண்டால் நான் நடையை நிறுத்திவிடுவேன். இருவாச்சி, பச்சைப்புறா, குக்குறுவான், சிங்கவால் குரங்கு எல்லாம் அதே மரத்துக்கு வரும். 1986-ல் சூழலியலாளர் ஜான் டெர்போ பெரு நாட்டுக் காட்டை வைத்து இப்படிப்பட்ட பழமரங்களைக் கீஸ்டோன், அதாவது எடுத்துவிட்டால் மற்ற உயிர்களும் ஆட்டம் காணும் ஆதாரக் கல், என்று எழுதினார். மருந்து அடித்தால் அடிவாங்குவது அந்தப் பூச்சி மட்டும் இல்லை.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கல் இச்சி என்ற ஃபைகஸ் மரத்தை நிழலுக்காக ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் நட்டார்கள். குளவி இல்லாத வரை முளைக்கிற விதையே இல்லை, சமர்த்தாக நின்றது. குளவி போய்ச் சேர்ந்ததும் கட்டிட இடுக்கிலும் பாலத்திலும் முளைத்துக் களையாகிவிட்டது.

காவிரிக்கரை முருகு:

மருந்து வாங்கலை, தீர்ந்துச்சு. பொண்ணு கேக்குது: செய்முறை நோட்டுல ப்ராஜெக்டா எழுதலாமா, எந்தக் காயைப் பறிக்கணும்? வீட்டம்மா கேக்கறாங்க: ஜாம் என்ன ஆச்சு?

பூச்சி டீச்சர்:

ப்ராஜெக்டுக்கு: பெருத்து, இன்னும் கெட்டியாக இருக்கிற, வெளியேறும் துளை விழாத காய். துளை விழுந்துவிட்டால் பெண்கள் போயிருப்பார்கள், எண்ணிக்கை தப்பாகும். ஒவ்வொரு காயையும் தனித்தனி பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய வேட்டித் துணி கட்டி நிழலில் வையுங்கள். வெளியே வந்ததைக் கறுப்பு, மஞ்சள், நீள ஊசி என்று தனித்தனியாகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு காயை உடைத்து உள்ளே தங்கிவிட்ட மஞ்சளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆண்கள் பெரும்பாலும் உள்ளேயே கிடப்பார்கள். நுழைந்த தாய்மாரை எண்ண வேண்டுமானால் அதே கொத்தில் மிகச் சின்னக் காயைக் கீறினால் தெரியும், பழுத்ததில் மக்கிப் போயிருக்கும். எல்லாக் காய்க்கும் மேலே சொன்ன சூத்திரம் ஒத்துவரவில்லை என்றால் நோட்டில் அப்படியே எழுதட்டும், நீள ஊசிக்காரிகளின் கைவரிசையும் அதில் இருக்கிறது.

கீழே விழுந்து இளகிய பழத்தில் வெள்ளையாகப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் குஞ்சு, நம் குளவி இல்லை. அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஜாமுக்கு: துளை விழுந்து சிவந்த பழத்தைக் காலையில் மரத்திலிருந்தே பறித்து, தேனிக்கார அண்ணன் சொன்னபடி பிட்டு வெயிலில் வைத்துத் தட்டுங்கள். மனசு ஒப்பாவிட்டால் ஜாமை விட்டுவிட்டு, பிஞ்சுக் காயாகப் பறித்து, இடித்து, பால் போக மோரில் ஊறவைத்துப் பருப்போடு கூட்டு வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதுதான்.

தேனிக்காரன்:

கூட்டுக்கு மேல கொஞ்சம் தேங்காய் துருவிப் போடுங்க. பிஞ்சுக்குள்ளயும் ஒரு அம்மா குளவி இருக்கும்னு வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க முருகு.